விருந்துக்குக் குளிர்ந்த புகைமீன்: பாங்டா இருக்கும்போது சால்மன் எதற்கு?

உங்கள் கேள்வி இது: மும்பை செம்பூர் வீட்டில் மே மாதக் கடைசியில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. மாமனார் உட்பட மூவருக்குச் சர்க்கரை நோய், நாத்தனார் கர்ப்பமாக இருக்கிறார், இரண்டு பேர் சைவம். முதல் நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடக்கூடிய, மாவுச்சத்து குறைந்த புகைமீன் பதார்த்தம் ஒன்று வேண்டும். இறக்குமதியாகும் புகையூட்டிய சால்மன் பொட்டலத்தை வாங்குவதா, வீட்டிலேயே புகை போட முடியுமா, அச்சில் உறைய வைக்க ஜெலட்டின் வேண்டுமா, ரொட்டியும் பிஸ்கட்டும் இல்லாமல் எதில் வைத்துப் பரிமாறுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சால்மனை விட்டுவிடுங்கள். பாங்டா வாங்குங்கள், நம்மூர் அயிலைதான். அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துச் சூட்டோடு புகை போடுங்கள். தண்ணீர் வடித்த கெட்டித் தயிரும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு குளிர வையுங்கள். வெள்ளரி வில்லையிலும் அவித்த முட்டையிலும் வைத்துக் கொடுங்கள். ஜெலட்டின் வேண்டாம். இனி காரணங்களைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அடுப்பின் முன்னால் நிற்கும்போது உங்களால் சொந்தமாக முடிவெடுக்க முடியும்.

முதலில் மீன். புகைக்கு அந்த மணத்தைத் தருபவை, மரத்தில் இருக்கும் லிக்னின் கருகும்போது பிறக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்கள். இவற்றில் பல, தண்ணீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைந்து தங்குகின்றன. புகை போடுவதற்குப் பேர்பெற்ற மீன்களில் பெரும்பாலானவை கொழுப்பு மீன்களாக இருப்பதற்கு இது ஒரு காரணம்: ஸ்காட்லாந்தில் ஹெர்ரிங், நார்வேயில் சால்மன், நெதர்லாந்தில் விலாங்கு. மும்பைச் சந்தையில் அந்த இடம் பாங்டாவுக்கு உரியது. குமரிப் பக்கம் அயிலை, சென்னைப் பக்கம் கானாங்கெளுத்தி என்று நாம் சொல்லும் அதே மீன்தான். கொழுப்பு உண்டு, சதை இதழ் இதழாகப் பிரியும், விலையும் கட்டுப்படியாகும். அதன் இயல்பான வாடையே புகையைத் தாங்கி நிற்கும் அளவுக்கு வலுவானது. மென்மையான சுவையுள்ள மீனில் புகை போட்டால் கடைசியில் வாயில் மிஞ்சுவது புகை மட்டுமே.

மற்ற மீன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மீன்காரப் பெண் வேறு எதையாவது எடுத்து நீட்டுவார். சுர்மாய் எனப்படும் வஞ்சிரம் வறுவலுக்கு ராஜா. ஆனால் துண்டு போட்டுப் புகைத்தால் விரைவில் வறண்டு நார் நாராகிவிடும். பாப்லெட், அதாவது வெள்ளை வவ்வால், இந்த வேலைக்கு வீண் செலவு. பாம்பே டக் எனப்படும் பொம்பிலில் தண்ணீர் மிக அதிகம், அதை இதில் நினைக்கவே வேண்டாம். ராவஸ் நல்ல மாற்று. இந்திய சால்மன் என்று கடைகளில் எழுதிவைத்திருப்பார்கள்; சால்மன் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே இல்லை, அது நம் காலா மீன். வாடை குறைவாக வேண்டும் என்று நினைக்கும் விருந்தாளிகள் இருந்தால் பாதி பாங்டா, பாதி ராவஸ் என்று கலக்கலாம். தர்லி என்று விற்கும் மத்தியும் புகைக்கு அருமையானதுதான், ஆனால் பன்னிரண்டு பேருக்கான மத்தி மீனில் முள் எடுக்கும் வேலையை விருந்துக்கு முந்தின நாள் யார் தலையிலும் சுமத்த மாட்டேன்.

நாளைக் கவனியுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே கடைசியில் விருந்து வைக்கிறீர்கள், ஆகவே மும்பை மீனே புதிதாகக் கிடைக்கும். விருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனால் ஐஸில் நெடுநாள் கிடந்த மீனோ வெளியூர் மீனோதான் கைக்கு வரும். அப்போது பாங்டா வாங்குவதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

அந்தக் கவனம் எதற்கு என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். பாங்டா, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் பிடிபட்ட பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்துப்போகும். இங்கே முக்கியமான விஷயம், ஒருமுறை உருவான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, புகைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. ஆகவே பாதுகாப்பு என்பது வாங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். வயிறு கிழியாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மீன், ஐஸின் மேல் அலங்காரமாகக் கிடந்தால் போதாது, ஐஸுக்குள் புதைந்திருக்க வேண்டும். 1875-இல் கட்டிமுடிக்கப்பட்ட கொலாபாவின் சசூன் துறைக்கு விடியற்காலையில் போகச் சக்தி இருந்தால் போங்கள். இல்லையென்றால் செம்பூரிலோ சயானிலோ வழக்கமாக வாங்கும் கோளி மீனவப் பெண்ணிடம் முந்தின நாளே சொல்லிவைத்து, சந்தை திறந்ததும் போய் வாங்குங்கள். வீட்டிலிருந்தே ஐஸ் போட்ட டப்பா எடுத்துப் போங்கள். மே மாத மும்பையில் ரிக்‌ஷாவில் வரும் இருபது நிமிடமும் கணக்கில் சேரும்.

ஒன்றேகால் கிலோ முழு மீன் வாங்குங்கள், நடுத்தர அளவில். தலையும் முள்ளும் குடலும் போய், புகையில் ஈரமும் வற்றியபின் ஏறத்தாழ அரைக் கிலோ சதை தேறும். மீனை முதுகு வழியாகக் கீறிப் புத்தகம் போலத் திறந்து தரச் சொல்லுங்கள். தோலை எடுக்கக் கூடாது. புகை போடும்போது சதையைத் தாங்கிப் பிடிப்பதும், கம்பியில் ஒட்டாமல் காப்பதும் தோல்தான்.

இறக்குமதி சால்மனைத் தள்ளியதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. தாள் போல மெல்லிசாகச் சீவி, காற்றை உறிஞ்சி எடுத்த பொட்டலத்தில் வரும் அந்த மீன் குளிர்புகை முறையில் செய்யப்பட்டது. சுமார் 30 டிகிரி செல்சியஸுக்குள் புகையைக் காட்டுவார்கள். மீன் வேகாது, பச்சையாகவே இருக்கும். உப்பும் தொடர்ந்த குளிருமே அதற்குக் காவல். அது நார்வேயிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை ஒரு இடத்தில்கூடச் சூடேறாமல் வந்ததா என்பதை நீங்கள் பார்த்து அறிய வழியில்லை. நம்பகமான இடத்தில் உறைநிலையில் வாங்கினால், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே பனி இளக விடுங்கள், இளகுவதற்கு முன்பே பொட்டலத்தைப் பிரித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் மெல்ல வளரக்கூடியது. அது உண்டாக்கும் நஞ்சு உயிரை எடுக்கும். வீட்டில் செய்த புகைமீனைக் காற்றுப் புகாத வேக்வம் பையில் அடைத்து வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வீட்டில் குளிர்புகை போட முயலவே வேண்டாம். மும்பையில் அறையின் வெப்பமே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, பச்சை மீனை மணிக்கணக்கில் வெதுவெதுப்பான புகையில் தொங்கவிடுவது கிருமிகளுக்கு வைக்கும் விருந்தாகிவிடும். சூடான புகையில் மீன் வெந்தும் விடுகிறது, மணமும் ஏறுகிறது. அது ஒன்றுதான் நம் வழி.

இந்த மணம் நமக்குப் புதிதும் அல்ல. மும்பைத் தமிழர்களில் பெரும்பங்கினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்து வீடுகளில் மாசிக் கருவாடு இடித்த சம்பலின் வாசனையை அறியாதவர்கள் குறைவு. சூரை மீனை உப்புநீரில் அவித்து, புகையில் காயவைத்து, பிறகு வெயிலில் கட்டையாகும்வரை உலர்த்துவது மாசி. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் பன்னெடுங்காலமாகச் செய்வது. சாப்பாட்டு மேசையில் உங்கள் மாமனார் இந்தப் புகைமீனை வாயில் வைத்ததும் முதலில் நினைப்பது மாசியைத்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் மாசி இருந்தால் ஒரு சிட்டிகை துருவி மேலே தூவுங்கள். புகையின் ஆழம் கூடும்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 80 கிராம் உப்பைக் கரைத்து, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒரு தேக்கரண்டி போடுங்கள். கழுவிய மீனை அதில் மூழ்க வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் நாற்பது நிமிடம் வையுங்கள். மீன் நீரில் முழுதும் மூழ்கவில்லை என்றால் இதே விகிதத்தில் இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றுங்கள். உப்பு, சதையின் ஈரத்தைப் பிடித்துவைக்கும், சுவையும் உள்வரை போகும். பிறகு எடுத்து, குழாய் நீரில் ஒருமுறை அலசி, துணியால் நன்றாக ஒற்றி, கம்பி வலையின் மேல் சதைப் பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பாலையும் தயிரையும் மட்டும் இறுக மூடி வையுங்கள்.

பலர் அவசரத்தில் விட்டுவிடுகிற கட்டம் இந்த உலர்த்தல். உப்பு, மீனின் புரதத்தைச் சற்றே கரைத்து மேலே கொண்டுவருகிறது. அது காய்ந்து பளபளப்பான மெல்லிய ஏடாகப் படியும். விரலால் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும், ஈரம் வரக் கூடாது. புகை அந்த ஏட்டில் சீராகப் பிடித்துப் பொன்னிறமாகும். ஈர மீனில் புகை போட்டால் நீர்த்துளிகளில் கரி கரைந்து கோடு கோடாக வழியும், கசக்கும். மின்விசிறியின் கீழ் உலர்த்தலாமே என்று தோன்றலாம். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் மீன் காயாது, சூடேறத்தான் செய்யும்.

புகைக்குக் கனமான இரும்புச் சட்டி, இறுக்கமான மூடி, உள்ளே நிற்கும் ஒரு கம்பி வலை போதும். ஒட்டாப் பூச்சுப் பாத்திரத்தை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். வெறும் பாத்திரம் அதிகமாகச் சூடேறும்போது அந்தப் பூச்சு சிதைந்து நச்சுப் புகை விடும். வீட்டில் கூண்டுக் கிளி இருந்தால் அதன் உயிருக்கே ஆபத்து, மனிதருக்கும் நல்லதல்ல. சட்டியின் அடியில் அலுமினியத் தாளை இரண்டடுக்காக விரித்து, அரைக் கப் பச்சரிசி, கால் கப் தேயிலை, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த வெல்லம், இரண்டு கிராம்பு கலந்து பரப்புங்கள். சீனச் சமையலில் வாத்துக்குப் போடும் தேயிலைப் புகை இப்படித்தான். வெல்லம் என்றதும் சர்க்கரைக் கணக்கு மனதில் வரும். அது அடியிலேயே கருகிப் புகையாகிறது, மீனில் வந்து சேரும் மாவுச்சத்து பொருட்படுத்தும் அளவில் இல்லை. காய்ந்த தேங்காய்ச் சிரட்டையைச் சிறு துண்டுகளாக உடைத்து ஒரு பிடி சேர்த்தால் மணம் இன்னும் நம்முடையதாகும். தச்சுப் பட்டறை மரத்தூளைத் தொடாதீர்கள். அதில் பிளைவுட் பசையும் வார்னிஷும் கலந்திருக்கும்.

ஜன்னல்களைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, பெரிய தீயில் சட்டியைச் சூடாக்குங்கள். கலவையிலிருந்து புகை திடமாக எழுந்ததும், எண்ணெய் தடவிய வலையில் மீனைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து மூடுங்கள். மூடியின் விளிம்பில் இடைவெளி இருந்தால் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் நடுத்தரத் தீ, பிறகு பதினைந்து நிமிடம் சிறு தீ, அணைத்தபின் திறக்காமல் இன்னும் பத்து நிமிடம். தீயை இதற்குமேல் கூட்டினால் புகை கறுத்துக் கசக்கும், உடம்புக்கு ஆகாத பொருட்களும் அதில் கூடும். ஒரு முறைக்கு மூன்று மீன்களுக்குமேல் வைக்காதீர்கள். அடுத்த முறைக்குக் கலவையைப் புதிதாகப் போடுங்கள், மீனும் அதுவரை குளிரிலேயே இருக்கட்டும்.

வெப்பமானி வைத்திருந்தால் சதையின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 63 டிகிரி வந்தால் மீன் வெந்துவிட்டது. குளிரவைத்து மறுநாள் சாப்பிடப் போவதால் நான் 70-ஐத் தாண்டும்வரை விடுவேன். கொழுப்பு மீன் அதைத் தாங்கும், வறளாது. வெப்பமானி இல்லையென்றால் நடுமுள்ளை ஒட்டிய சதையைப் பாருங்கள்: கண்ணாடித்தனம் முழுதும் போய், முள்ளைத் தூக்கினால் சதையை விட்டுப் பிரிந்து வர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூடியைச் சமையலறை நடுவில் திறக்க வேண்டாம். ஜன்னலருகே கொண்டுபோய்த் திறந்தால் பக்கத்து வீட்டாருடன் நல்லுறவு நிலைக்கும்.

இரண்டு சைவ விருந்தாளிகளை மறக்க வேண்டாம். மீனைத் தொடுவதற்கு முன்பே, சுத்தமான சட்டியில், முதல் புகையில் இருநூறு கிராம் பனீரை எட்டு நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். மீனுக்குச் செய்யும் அதே தயிர்க் கலவையில் தனிக் கிண்ணத்தில் பிசைந்தால் அவர்களுக்கும் அதே விருந்து. கரண்டியும் பலகையும் தனியாக இருக்கட்டும்.

வெந்த மீனை ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மிதமான ஊர்களில் இரண்டு மணி நேரம் வரை போகலாம் என்பார்கள், 32 டிகிரிக்குமேல் போகும் நாளில் அது ஒரு மணிதான். முழுதும் குளிர்ந்தபின் தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்து, சதையை விரல்களால் தடவித் தடவி உதிர்த்துச் சிறு முள் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் செய்யுங்கள். இந்த உணவில் அவசரப்படவே கூடாத இடம் இதுதான். சாப்பிடுபவர் இதைக் குழைந்த பதார்த்தம் என்று நம்பி வாயில் போடுவார், முள்ளை எதிர்பார்க்க மாட்டார்.

பிசைவதற்கு மும்பை ஒரு பெரிய வசதியைத் தருகிறது: சக்கா. ஸ்ரீகண்ட் செய்வதற்காக மராத்தியப் பால் கடைகளில் விற்கும் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். சர்க்கரை சேர்க்காததா, அதிகம் புளிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் முக்கால் கிலோ கெட்டித் தயிரை மல்துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓர் இரவு தொங்கவிடுங்கள். பாலின் சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பகுதி வடியும் தண்ணீரோடு போய்விடுவதால் நமக்கு அது இரட்டை லாபம். கிரீம் சீஸ் போட்டும் செய்யலாம், ஆனால் அதன் வழவழப்பு மீனை அமுக்கிவிடும். சக்காவின் மெல்லிய புளிப்புதான் பாங்டாவின் கொழுப்பை எடுத்து நிறுத்துகிறது.

இரண்டாவது வசதி ஷேபு. நம்மூரில் சதகுப்பைக் கீரை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பாவின் வடபகுதியில் புகைமீனுக்கும் உப்பு மீனுக்கும் பிரியாத துணையான அதே கீரை, இங்கே எந்தக் காய்கறிக்காரரிடமும் கட்டுக் கட்டாக மலிவாகக் கிடைக்கிறது.

அரைக் கிலோ சதையில் பாதியை எடுத்து, அறை வெப்பத்தில் இளகிய உப்பில்லாத வெண்ணெய் அறுபது கிராமும் சக்கா இருநூற்றைம்பது கிராமும் சேர்த்துக் கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் போட வேண்டாம், பசையாகிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். நான்கைந்து சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து ஒரு எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சாற்றோடு சேருங்கள், காட்டம் அடங்கியிருக்கும். ஒரு தேக்கரண்டி கடுகை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அரைத்த விழுது, புதிதாகப் பொடித்த மிளகு, எலுமிச்சைத் தோலின் மேற்பகுதியை மட்டும் துருவியது, விதை நீக்கிய ஒரு பச்சை மிளகாய், ஒரு பிடி நறுக்கிய ஷேபு. கடைசியாக மீதிப் பாதிச் சதையைத் துண்டுகள் உடையாமல் புரட்டிவிடுங்கள். வாயில் மென்மையும் வர வேண்டும், மீனைக் கடிக்கும் உணர்வும் வர வேண்டும்.

உப்பை இப்போது போடாதீர்கள். குளிர்ந்த உணவில் சுவைகள் நாக்குக்கு மங்கித்தான் தெரியும். ஆகவே இரவு முழுதும் குளிர்ந்தபின், பரிமாறும் அதே குளிரில் ஒரு கரண்டி சுவைத்து, அப்போது உப்பையும் எலுமிச்சையையும் சரி பாருங்கள். புகையும் முதல் நாள் கூர்மையாகக் குத்தும், மறுநாள் கலவை முழுதும் பரவி அமைதியாகும். முதல் நாளே செய்யச் சொல்வது உங்கள் வசதிக்காக மட்டும் அல்ல.

ஜெலட்டின் பற்றி. மேலைநாட்டுச் சமையலில் மீன் வடிவ அச்சில் உறையவைத்துக் கவிழ்க்கும் வழக்கம் உண்டு. ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், மே மாத மாலையில் உங்கள் மேசையின் வெப்பம் அதுதான். விலங்குப் பொருள் என்பதால் எதிலிருந்து எடுத்தது என்ற கேள்வியும் விருந்தினர் சிலருக்கு முக்கியமானது. சைனா கிராஸ் எனப்படும் கடற்பாசி இந்த வெப்பத்தில் இளகாது என்றாலும், அதைக் கொதிக்கவிட்டுக் கரைத்துக் குளிர்ந்த மீனில் ஊற்றினால் பட்டதும் கட்டி கட்டியாகிவிடும். வெண்ணெயும் சக்காவும் குளிரில் தாமாகவே இறுகும். எவர்சில்வர் டப்பாவில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கலவையை இடைவெளியின்றி அமுக்கி, ஓர் இரவு வைத்துக் கவிழ்த்தால் வடிவம் நிற்கும். அதுவே போதும்.

தாங்கிப் பிடிக்க வெள்ளரிக்காயைச் சற்றுத் தடிமனான வில்லைகளாக, விருந்தினர் வந்தபிறகு நறுக்குங்கள். முன்பே நறுக்கி உப்புப் போட்டால் நீர் விட்டுக் கலவை வழுக்கும். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைக் கலவையில் சேர்த்துக் குவித்தால் வயிறு நிறையும். வெள்ளை முள்ளங்கி வில்லையின் காரமும் இதற்குப் பொருந்தும். கணக்குப் பார்ப்போம்: மீனில் மாவுச்சத்து கிடையாது. சக்காவிலும் வெங்காயத்திலும் எலுமிச்சையிலும் சேர்த்து மொத்தத்துக்குப் பதினாறு கிராம் அளவில் வரும். பன்னிரண்டாகப் பிரித்தால் ஒருவருக்கு ஒன்றரை கிராமுக்குள்தான், வெள்ளரியைச் சேர்த்தாலும் நான்கைத் தாண்டாது. ஒரு துண்டு ரொட்டியிலேயே பன்னிரண்டு முதல் பதினைந்து கிராம் இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை அவசியம். நம் வீட்டு விருந்துகளில் ஏழரைக்குத் தொடங்கும் கொறிப்பு முடிந்து சாப்பாடு வர மணி பத்தாகிவிடும். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், இந்தப் புகைமீனைச் சாப்பாடாக எண்ணி முன்கூட்டியே மருந்தை எடுத்துவிடக் கூடாது. இதில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம். மாமனாரிடம் சாப்பாட்டு நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதன் உப்பு கூடுதல், அவர்களுக்குச் சிறிதளவு போதும்.

நாத்தனாருக்குக் குளிர்ந்த புகைமீன் வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகக்கூடியது, கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அதனால் தீங்கு நேரலாம். பிசைவதற்கு முன் அவருக்கென ஒரு மீனைத் தனியே எடுத்துவைத்து, பரிமாறும் நேரத்தில் ஆவி பறக்கச் சூடாக்கி, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். அவரை விலக்கிவைத்ததாக இருக்காது, சூடான புகைமீனும் அத்தனை ருசி.

மேசையில் முழுவதையும் ஒரே தட்டில் வைக்காமல் சிறு கிண்ணங்களில் பிரித்து, ஐஸ் நிரப்பிய தாம்பாளத்தில் இருத்துங்கள். ஒரு கிண்ணம் காலியானதும் அடுத்ததை எடுங்கள். ஐஸின்றி ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். வெளியே எடுக்காத மிச்சம் மூன்று நாள் தாங்கும். தயிர்க் கலவையை உறையவைத்தால் நீர் பிரிந்துவிடும். அதனால் மீன் அதிகம் வாங்கிவிட்டால் பிசையாத சதையை மட்டும் உறைப்பெட்டியில் வையுங்கள், ஒரு மாதத்துக்குள் முட்டைப் பொரியலில் உதிர்த்துப் போட்டுத் தீர்த்துவிடலாம்.